உறைந்துபோன கணினி கணக்கில் வராது

பழைய டெஸ்க்டாப் ஒன்று அடிக்கடி ஹேங் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் யோசனைகள் ஒரே வரிசையில் வரும். ஃபார்மட் அடி. ரேமைக் கழட்டி ரப்பர் வெச்சுத் தேய். அப்பவும் சரியாகலைன்னா ரேமை மாத்து. அப்புறம் எஸ்எம்பிஎஸ். அப்புறம் ஹார்டு டிஸ்க். கடைசியாக, ‘போர்டு போச்சுங்க, இனிமே காசு போடாதீங்க.’ இந்த வரிசைக்குப் பின்னால் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை யாரோ சொன்னதை எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

கணக்கு இருக்கிறதா என்று தேடிப் போனால் முதலில் கையில் கிடைப்பது 2011-ல் யூரோசிஸ் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. பெயர் ‘சைக்கிள்ஸ், செல்ஸ் அண்ட் பிளாட்டர்ஸ்’. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் இருந்து எட்மண்ட் நைட்டிங்கேல் உள்ளிட்ட மூவர் எழுதியது. பெரிய சர்வர் அறைகளில் இருக்கும் இயந்திரங்களைப் பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. சாதாரண ஜனங்கள் வைத்திருக்கும் கணினிகளை, அதுவும் சுமார் பத்து லட்சம் கணினிகளை எடுத்துக்கொண்டு வன்பொருள் எப்படிப் பழுதாகிறது என்று பார்த்த முதல் பெரிய வேலை இதுதான். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிற எல்லாரும் படிக்க வேண்டிய கட்டுரை என்று நினைக்கிறேன். அதே நேரம், அவஸ்தைப்படுகிறவர்களுக்கு மிகவும் தேவையான இடத்தில் இந்தக் கட்டுரைக்குக் கண் தெரியாது. ரெண்டையும் சொல்லணும்.

முதலில் அதன் பெருமை. கட்டுரையின் மையத்தில் ஓர் எண் இருக்கிறது. எட்டு மாதத்தில் குறைந்தது 30 நாள் அளவுக்கு சிபியு நேரம் ஓடிய கணினிகளில், சிபியு சார்ந்த பழுதால் ஒருமுறை விழுவதற்கான வாய்ப்பு 190-க்கு 1. அப்படி ஒருமுறை விழுந்த கணினி இரண்டாம் முறை விழுவதற்கான வாய்ப்போ 3.3-க்கு 1. அதாவது, மூன்று கணினியில் ஏறக்குறைய ஒன்று. ஒரு தடவை விழும்வரை அபூர்வம். விழுந்துவிட்டால் அது அந்த இயந்திரத்தின் சுபாவம். ரேமிலும் டிஸ்க்கிலும் இதே மாதிரி ஏற்றம்தான். ரேம் திரும்பத் திரும்பத் தவறிய கணினிகளில் பெரும்பாலும் அதே முகவரியில்தான் தவறியிருக்கிறது.

இதைப் படித்த பிறகு ‘எப்பவாவது சும்மா ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்’ என்கிற பேச்சைக் கேட்டால் சங்கடமாக இருக்கும். விண்வெளியில் இருந்து ஒரு கதிர் வந்து ஒரு பிட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டது, இனி வராது என்ற வகை விளக்கத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுப்பதில்லை. பழுது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எப்போது வெளியே தலை காட்டும் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. ‘ரேண்டம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தெரியாமையைத்தான்.

காயலான்கடையில் எடுத்த கணினிக்கு இந்த எண் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கட்டுரை இதைப் பேசவில்லை. அதன் எண்களில் இருந்து நாமே எடுக்க வேண்டியது. கடையில் புதிதாக வாங்கிய கணினி 190-க்கு 1 என்ற வரிசையில் நிற்கிறது. தூக்கி எறியப்பட்ட ஒன்றை நாம் எடுத்து வருகிறோம் என்றால், அது ஏன் எறியப்பட்டது என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே சில முறை விழுந்து வைத்திருந்தவரின் பொறுமையைச் சோதித்ததால் எறியப்பட்டிருந்தால், அது நம் கைக்கு வரும்போதே 3.3-க்கு 1 என்ற வரிசையில்தான் நிற்கிறது. எல்லாப் பழைய கணினியும் அப்படி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தபோது, விண்டோஸ் 11 ஏறாது என்ற ஒரே காரணத்துக்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணினிகள் மொத்தமாக வெளியேறின. ஒரே மாடலில் இருபது பெட்டி அடுக்கி வைத்திருந்தால் அது இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு. ஒரு மூலையில் தனியாக, பக்கத்து மூடி இல்லாமல், ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டுக் கிடப்பதை யாரோ ஏற்கெனவே பலமுறை திறந்து பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். ரெண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தாலும் ரெண்டும் ஒண்ணு இல்லை.

இனி குறைக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் தரவு எங்கிருந்து வந்தது? விண்டோஸ் விழும்போது தானே எழுதிவைத்து, பயனர் சம்மதித்தால் தலைமையகத்துக்கு அனுப்புகிற அறிக்கைகளில் இருந்து. நீலத்திரை வருகிறதே, அப்போது அது வெறுமனே பயமுறுத்துவதில்லை. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்புதான் சாட்சி. இயந்திரம் விழுந்தாலும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு விழுகிறது.

ஹேங் ஆன கணினி வாக்குமூலம் கொடுப்பதில்லை. திரை அப்படியே நிற்கும். எலி நகராது. நீங்கள் பவர் பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கிறீர்கள். மறுபடி ஏறும்போது விண்டோஸ் தன் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி எழுதும். ‘முறையாக அணைக்காமல் கணினி மறுபடி தொடங்கியது’ என்பதுதான் அந்த வரியின் சாரம். பிழைக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். கொலை நடந்த இடத்துக்குப் போன காவலர், ‘இங்கே ஒருவர் இறந்து கிடக்கிறார்’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்த மாதிரி. இந்த வரியைப் படித்துவிட்டு ‘பவர்’ என்ற சொல் இருப்பதால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்கிறவர்கள் ஏராளம். அந்த வரிக்கு அப்படி அர்த்தம் கிடையாதுங்க.

ஆக, பத்து லட்சம் கணினிகளின் கணக்கில், பேசிவிட்டு விழுந்தவை மட்டுமே இருக்கின்றன. வாய் திறக்காமல் நின்றுபோனவை இல்லை. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. விழுந்து அறிக்கை எழுதியவற்றைத்தான் எண்ணுகிறோம் என்று தெளிவாகவே வரையறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை ‘வீட்டுக் கணினிகள் இப்படித்தான் பழுதாகின்றன’ என்று விரித்துவிடுகிறார்கள்.

ரேம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் பழுதால் முதல்முறை விழும் வாய்ப்பு 1700-க்கு 1 என்கிறது கட்டுரை. சிபியுவின் 190-க்கு 1 பக்கத்தில் வைத்தால் ரேம் ரொம்ப நல்ல பிள்ளை போலத் தெரியும். ஆனால் அவர்களால் பார்க்க முடிந்தது நினைவகத்தின் ஒரு சிறு துண்டை மட்டும். விண்டோஸின் மையக் குறியீடு உட்காரும் இடம் அது. அந்தப் பக்கங்களில் என்ன இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் ஒரு பிட் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மீதி இடத்தில் உங்கள் கோப்பு, படம், பிரவுசர் எல்லாம் இருக்கிறது. அங்கே ஒரு பிட் மாறினால் எது சரி, எது தவறு என்று யாருக்குத் தெரியும்? 2009-ல் டொரண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து செய்த சர்வர் ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பட்டைகளில் பிழை தென்பட்டது. சர்வர் ரேமில் பிழையைத் திருத்தி எண்ணிக்கொள்ளும் ஈசிசி வசதி உண்டு. அங்கே எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. வீட்டு டெஸ்க்டாப்பில் இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றையே அளக்கவில்லை, நேரடியாக ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் 1700-ஐ வைத்துக்கொண்டு ரேமுக்கு நற்சான்றிதழ் எழுதிவிட முடியாது.

‘சிபியு சப்சிஸ்டம்’ என்ற சொல்லும் இப்படித்தான். அந்த ‘சப்சிஸ்டம்’ நிறைய வேலை செய்கிறது. தனக்குள் ஏதோ சரியில்லை என்று சிபியு கையைத் தூக்கும் நிகழ்வுகளை எண்ணியிருக்கிறார்கள். கையைத் தூக்கியது சிபியு என்பதால் குற்றவாளியும் சிபியு என்று ஆகிவிடாது. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும், விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினாலும் கை தூக்குவது அதுதான். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கெப்பாசிட்டர் இவற்றுக்குக் கட்டுரையில் தனித் தலைப்பே கிடையாது. சிப் தயாரிப்பாளர்களின் பெயரைக்கூட ‘ஏ’, ‘பி’ என்று மறைத்துவிட்டார்கள். வியாபார நெருக்கடி புரிகிறது. பழைய பெட்டி வாங்கப் போகிறவனுக்கு அந்தப் பெயர்தான் தேவை என்பதும் புரிகிறது.

கெப்பாசிட்டர் என்று சொல்லிவிட்டதால் ஒரு கதையையும் தொட்டுவிட வேண்டும். ஏறத்தாழ 1999-க்கும் 2007-க்கும் நடுவில் செய்த மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, ஒழுகி, கணினிகளைச் சாய்த்தன. ஏன் என்பதற்கு ஒரு திருட்டுக் கதை சொல்வார்கள்: ஜப்பானிய நிறுவனத்தில் இருந்த ஒரு விஞ்ஞானி சீனாவுக்கு வேலைக்குப் போனார், அவர் கொண்டுபோன மின்பகு திரவத்தின் செய்முறையை அங்கிருந்தவர்கள் தைவானுக்குக் கடத்தினார்கள், கடத்திய நகலில் ஒரு சேர்மானம் விட்டுப்போயிற்று. சினிமா எடுக்கலாம், அவ்வளவு நல்ல கதை. நல்ல கதையாக இருப்பதுதான் அதில் பிரச்சினை. நியூயார்க் டைம்ஸ் 2010-ல் வெளியிட்ட செய்தியின்படி, டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய குறைந்தது 1.18 கோடி கணினிகளில் இந்த ஆபத்து இருந்தது. வழக்கில் வெளியான உள் ஆவணங்கள், மூன்று ஆண்டுகளில் 97 சதவீதம் வரை சிக்கல் வரலாம் என்று கணித்திருந்தன. அந்தக் கணினிகளில் இருந்தவை நிச்சிகான் என்ற, நல்ல பெயரெடுத்த ஜப்பானிய நிறுவனத்தின் கெப்பாசிட்டர்கள். தைவான் திருட்டுக் கதை இங்கே உதவாது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை தங்கள் கணினிகள் சாய்வதாகப் புகார் செய்தபோது, கஷ்டமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை வதைத்துவிட்டீர்கள் என்று பதில் வந்ததாம். இதையும் அதே செய்தியில்தான் படித்தேன்.

திருட்டுக் கதை பரவியதால் ஒரு நடைமுறைக் கெடுதலும் நடந்தது. மூடியைத் திறந்து பார்ப்பார்கள், கெப்பாசிட்டர் வீங்கவில்லை என்றால் ‘போர்டு நல்லாருக்கு’ என்று முடித்துவிடுவார்கள். வீங்காமலேயே உள்ளே காய்ந்துபோகும் கெப்பாசிட்டர்கள் உண்டு. காய்ந்தால் அதன் உள்தடை ஏறும். சிபியு திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில் அழுத்தம் சரியும். குளிரில் அந்த உள்தடை இன்னும் அதிகம். காலையில் முதல் தடவை போட்டால் ஹேங் ஆகி, சூடான பிறகு மாலைவரை சமத்தாக ஓடுகிற கணினியைப் பார்த்திருந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம். சூடு அதிகமானால்தான் கணினி நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்த வகையைக் கண்டால் குழம்பிப்போவார்கள்.

சரி, உறைந்த கணினி அறிக்கை எழுதாது. அப்படியானால் அது எதுவுமே சொல்வதில்லையா? சொல்கிறது. பட்டனை அழுத்தி அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் போதும். நான் இந்தக் கட்டுரையில் தேடிக் கிடைக்காததும் இதுதான்.

கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விசைப்பலகை விளக்கு மாறினால் இயங்குதளத்தின் அடிப்பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. திரையோ, கிராஃபிக்ஸ் டிரைவரோ செத்திருக்கிறது. மாறவே இல்லை என்றால் சிக்கல் ஆழத்தில். எலி நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை என்றால் எல்லாரும் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறதா என்று பாருங்கள், சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நின்று, ‘ட்ர்ர்ர்’ என்று ஒரே துண்டு ஒலி சுற்றிச் சுற்றி வருகிறதா? ஒலிப் பகுதி நினைவகத்தில் இருக்கும் அந்தச் சிறு துண்டைத் தானாகவே படித்துக்கொண்டிருக்கிறது. புதுத் துண்டை நிரப்ப வேண்டிய சிபியுதான் வரவில்லை. திரையில் படம் நிற்பதும் அதே காரணத்தால். கடைசியாக வரைந்த படத்தைக் கிராஃபிக்ஸ் பகுதி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இன்னொரு கணினியோ ஃபோனோ இருந்தால் அதிலிருந்து பிங் அடித்துப் பார்க்கலாம். பதில் வந்தால், செத்ததாக நினைத்தது சாகவில்லை. லினக்ஸ் என்றால் ஆல்ட்டோடு சிஸ்ரிக் விசையைப் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று நிதானமாக அடிக்கலாம். விநியோகத்தைப் பொறுத்து இந்த விசைகளில் சிலவற்றை முன்பே அனுமதித்து வைக்க வேண்டியிருக்கும். அந்த வரிசைக்குக் கணினி பணிந்து மறுபடி ஏறினால் மையப்பகுதி உயிரோடு இருந்தது என்று அர்த்தம்.

திரையில் உறைந்து நிற்கும் கடிகாரத்தை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அதுதான் மிக நல்ல சாட்சி.

பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி எடுத்து வந்தான். இன்டெல் நாலாம் தலைமுறை சிபியு, உள்ளே வேறு ஏதோ பழைய பெட்டியில் இருந்து பிடுங்கி மாட்டிய எஸ்எம்பிஎஸ். மூணு நாளைக்கு ஒரு தடவை ஹேங். ஒரு கடையில் ரேமை மாற்றினார்கள். ரெண்டு நாள் ஹேங் ஆகவில்லை, சரியாகிவிட்டது என்றார்கள். அப்புறம் மறுபடி ஆனது. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்டார்கள். பெட்டியின் விலைக்கு மேல் செலவாகிவிட்டது. அவன் வீட்டில் அந்தப் பணம் சும்மா வருகிற பணம் இல்லை.

“அண்ணா, கேம் ஆடும்போது ஒருநாளும் நிக்கலண்ணா. சாப்பிடப் போயிட்டு வந்தா நின்னுருக்கு” என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கடையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடிகாரம் நின்ற நேரத்தையும் அவன் எழுந்து போன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ஏழு தடவையும், எழுந்து போய்ப் பத்தில் இருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் நின்றிருக்கிறது. வேலை செய்யும்போது நிற்கவில்லை, சும்மா இருக்கும்போது நிற்கிறது.

வேலை இல்லாதபோது நவீன சிபியு படிப்படியாக உறக்கத்துக்குப் போகும். சி-ஸ்டேட் என்பார்கள், எண் ஏற ஏற உறக்கம் ஆழம். 2013-ல் இன்டெல்லின் ஹாஸ்வெல், அதாவது நாலாம் தலைமுறை, வந்தபோது ஒரு சலசலப்பு எழுந்தது. அதன் ஆழ்ந்த உறக்கநிலையில் சிபியு 12 வோல்ட் கம்பியில் 0.05 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். அவ்வளவு குறைந்த சுமையில் பல பழைய எஸ்எம்பிஎஸ்களால் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க முடியாது. எது எது பொருந்தும் என்று எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்கள் பட்டியல் போட வேண்டியிருந்தது. இது ஒன்று மட்டும் இல்லை. இன்டெல்லின் பே ட்ரெயில் வகைச் சிப்கள் லினக்ஸில் உறக்கநிலையின்போது உறைந்துபோனது வருஷக்கணக்கில் பேசப்பட்ட சங்கதி. ஆழ்ந்த உறக்கத்தைத் தடுத்துவைப்பதுதான் அதற்குக் கைவைத்தியம். ஏஎம்டியின் முதல் ரைசன் சிப்களிலும் சும்மா இருக்கும்போது உறையும் புகார் வந்தது. அதற்கென்றே பயாஸில் ‘டிப்பிக்கல் கரன்ட் ஐடில்’ என்று ஒரு தேர்வு சேர்த்தார்கள்.

இப்போது அந்த ஆய்வுக் கட்டுரைக்குத் திரும்பிப் பாருங்கள். சிபியு எத்தனை சுழற்சி ஓடுகிறதோ அத்தனைக்குப் பழுது கூடுகிறது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. தலைப்பில் ‘சைக்கிள்ஸ்’ என்ற சொல்லே இருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டும் கணினிகள் குறிப்பிடத்தக்க அளவு நம்பகமானவை என்பது இன்னொரு முடிவு. இரண்டையும் நம்புகிறேன். ஆனால் ஓடாமல் இருக்கும்போது உறைகிற ஒரு பெரிய ரகம் இருக்கிறது. அந்த ரகம் அறிக்கை எழுதுவதில்லை. ஆகவே ‘ஓட ஓடப் பழுது’ என்ற கோட்டுக்கு எதிராக ஒரு புள்ளிகூட வரைபடத்தில் விழ வாய்ப்பில்லை. ‘இருபத்துநாலு மணிநேரம் முழு லோடு கொடுத்துப் பாத்தேன், பாஸ் ஆயிடுச்சு’ என்கிற வழக்கமான பரிசோதனையும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. தூக்கத்தில் நின்றுபோகிறவனை இரவு முழுக்க ஓடவிட்டுச் சோதித்து என்ன பயன்?

தம்பியின் பெட்டியில் பயாஸுக்குள் போய் ஆழ்ந்த சி-ஸ்டேட்களை அணைத்தோம். அடுத்து எவ்வளவு நாள் காத்திருப்பது என்ற கேள்வி. இந்த இடத்தில்தான் கடைக்காரர்களோடும், இணையத்தில் ‘எனக்கு இது வேலை செஞ்சுது’ என்று எழுதுகிறவர்களோடும் எனக்குப் பெரிய சண்டை. சராசரியாக மூணு நாளைக்கு ஒருமுறை தாறுமாறாக நிற்கும் கணினியில் நீங்கள் எதையுமே மாற்றாவிட்டாலும், ரெண்டு நாள் தொடர்ந்து நிற்காமல் இருக்க 51 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி. ரேமை மாற்றி ரெண்டு நாள் பார்த்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்பது காசைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதுதான். அந்த வாய்ப்பை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றால் சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு, அதாவது ஒன்பது நாள், சத்தமில்லாமல் ஓட வேண்டும். அதுவும் ஒவ்வொரு நிறுத்தமும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் தனித்தனியே வருகிறது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. பழுதுகள் அப்படித் தனித்தனி இல்லை என்பதுதான் மைக்ரோசாஃப்ட் கட்டுரையின் முக்கியமான கண்டுபிடிப்பு. கொத்தாக வரும், அப்புறம் நீண்ட அமைதி. அந்தக் கொத்தின் உச்சத்தில் எரிச்சலாகி எதையோ மாற்றுகிறோம். பின்னால் தானாக வரவிருந்த அமைதிக்கு, மாற்றிய பொருள் பாராட்டு வாங்கிக்கொள்கிறது. ரப்பர் வைத்துத் தேய்ப்பதன் புகழில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்தது என்பது என் சந்தேகம். இன்னொரு பங்கு உண்மையானது: ரேமைக் கழட்டித் திரும்பச் செருகும்போதே தொடுமுனையின் படலம் உரசிப் போய்விடும். ரப்பர் அங்கே கூடுதல் ஆள்தான், அதிகம் தேய்த்தால் தங்கப் பூச்சும் கூடவே போகும்.

பன்னிரண்டு நாள் பார்த்தோம். நிற்கவில்லை. அவனுக்கு அதுவே போதும். நான் விடவில்லை; சி-ஸ்டேட்டைத் திரும்பப் போடச் சொன்னேன்.

“எதுக்குண்ணா? ஓடிட்டு இருக்கே?”

பழுதைத் திரும்ப வரவழைக்க முடியாதவரை, அதை நாம்தான் போக்கினோம் என்று சொல்ல முடியாது. திரும்பப் போட்ட மூன்றாம் நாள் மாலை நின்றது, திரையில் 7:42. பிறகு என்னிடம் இருந்த ஒரு புதிய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, சி-ஸ்டேட்டைப் போட்டே வைத்தோம். பதினைந்து நாள் ஓடியது. கோர்ட்டில் நிற்கிற நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஒரே ஒரு பெட்டிதான். ஆனால் ரேமையும் டிஸ்க்கையும் மாற்றியபோது இருந்த ஆதாரத்தைவிட இது எவ்வளவோ மேல். அவனுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்கக் காசில்லாததால் இப்போது சி-ஸ்டேட்டை அணைத்தே ஓட்டுகிறான். சில வாட் மின்சாரம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

கட்டுரை மீது கடைசியாக ஒரு குறை. உறைந்த கணினியை எண்ணவே முடியாது என்று யாராவது அதற்காக வாதாடினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்டெல் சிப்செட்களில் பல வருஷங்களாகவே ஒரு காவல் கடிகாரம், வாட்ச்டாக் என்பார்கள், உட்கார்ந்திருக்கிறது. இயங்குதளம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால் அது தானே கணினியை மறுபடி தொடக்கும். எதனால் தொடங்கியது என்ற குறிப்பும் வன்பொருளில் தங்கும். தொழிற்சாலைக் கருவிகளிலும் சர்வர்களிலும் இது சாதாரணம். மேசைக் கணினியில் இதை யாரும் இயல்பாக முடுக்கிவிடுவதில்லை. உபுண்டுவில் இந்த வாட்ச்டாக் டிரைவர்கள் தடைப்பட்டியலில்தான் வருகின்றன. நாமாகப் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். பத்து லட்சம் கணினிகளில் விண்டோஸ் மட்டும் இதைத் தட்டிக்கொண்டிருந்திருந்தால், 190-க்கும் 1700-க்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் எண் வந்திருக்கும். தம்பியின் பெட்டியில் நான் லினக்ஸ் போட்டு அந்தக் கடிகாரத்தை ஓடவிட்டிருக்கிறேன். இதுவரை ஒருமுறையும் அது கணினியை எழுப்ப வேண்டி வரவில்லை.